வெயிலில் ஒரு வரவேற்புப் பாட்டு

வவாவு, தொங்கா
பிப்ரவரி 12, 1994

அன்புத் தங்கை பிசிலாவுக்கு,

நம்மை இன்றுவரை மூச்சோடு வைத்திருக்கும் ஆண்டவருக்கு முதல் வணக்கம். நான், உன் அத்தான், கோழிகள் எல்லோரும் சுகம். கோழிகள் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கின்றன. உன் சுகம், உன் கணவன் செமிசியின் சுகம், உன் மகள் என் செல்லம் ஹெய்லலாவின் சுகம் அறிய ஆவல்.

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார். பெயர் கெலெமெத்தே. வயது என்னைவிடக் குறைவு, வயிறு என்னைவிட அதிகம். என்னை ஒல்லியாகக் காட்டும் மனிதர்கள் இந்தத் தீவில் அதிகம் இல்லை என்பதால் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மறுநாள் அந்தப் பிரியம் செத்தது.

என் பாட்டு வகுப்பு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். கரும்பலகையில் மூன்றிலிருந்து ஒன்பதுவரை எண்களை எழுதி, கம்பால் தொடத் தொடப் பிள்ளைகள் அந்தந்தச் சுரத்தைப் பாடுவார்கள். நம்மையும் அப்படித்தானே பாட வைத்தார்கள். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பை நாலு குரலாகப் பிரித்துப் பாட வைத்துவிட வேண்டும் என்று விடுமுறை முழுக்கக் கனவு கண்டேன். மறுநாள் வகுப்பின் நடுவில் மனிதர் உள்ளே வந்தார்.

"டீச்சர், இந்த எண்ணெல்லாம் அழிச்சிடுங்க. இனிமே பாட்டு கிளாஸ்ல ஒரே பாட்டுதான். நானே எழுதினது."

வரவேற்புப் பாட்டாம். 'வருக வருக, எங்கள் கண்மணி' என்று ஆரம்பித்து நடுவில் ஒரு காலி இடம். அதில் யார் வருகிறாரோ அவர் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். வந்த ஒரு வாரத்தில் தபால் மேலாளருக்கு ஒரு தடவை, தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவருக்கு ஒரு தடவை. தொட்டிக்காரர் பெயர் நீளம். மெட்டில் அடங்காமல் பிள்ளைகள் அவரைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பாவி மனிதர் அதற்கே உருகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எரிச்சலில் எழுதுகிறேன், கையெழுத்தை மன்னி. செமிசியிடம் சொல், அவன் கேட்ட காய்ந்த கணவாயை அடுத்த ஆள் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

ஆண்டவர் காவலில் இரு.
உன் அக்கா,
லெசியேலி

---

சிட்னி
மார்ச் 9, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் கிருபையால் நானும் ஹெய்லலாவும் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை ரயிலில் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். ஹெய்லலா வளர்ந்துவிட்டாள், பழைய செருப்பு எதுவும் நுழையவில்லை. இங்கே இன்னும் வெயில் குறையவில்லை. கணவாய் அனுப்பாதே, சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள்.

இனிமேல் உறையின் பின்னால் இருக்கும் புது விலாசத்துக்கு எழுது. இது ரயில் நிலையத்துக்குப் பக்கம்.

அத்தானுக்கு என் அன்பு.
பிசிலா

---

வவாவு
மார்ச் 28, 1994

அன்புத் தங்கைக்கு,

கடவுள் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதிக்கிறது. செமிசி எப்படி இருக்கிறான்? நீ எழுதவே இல்லையே. புது வீடு பெரிதா? முந்தினதில் ஹெய்லலா ஓட இடமில்லை என்று அவன் புலம்பிக்கொண்டே இருப்பானே.

வெள்ளிக்கிழமை மீன்வளத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். காலையில் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகளைப் பள்ளி முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். படகு வரவில்லை. வெயில் ஏறியது. படகு வரவில்லை. மதியம் மணியடித்தது. அப்போதும் வரவில்லை. நாலாம் வகுப்பு ஃபிஃபிதா, கயிறு அறுந்த மூட்டை மாதிரி சரிந்தாள். கொதிக்கிற பவளக்கல் மேல் முகம் பட்டது.

நான் போய்க் கத்தினேன். நான் கத்தினால் பக்கத்துத் தீவில் நாய்கள் எழுந்து உட்காரும்.

"சார், பிள்ளை மயங்கி விழுந்துட்டா!"

"காலையில சாப்பிடாம வந்திருப்பா."

"மரவள்ளி ரெண்டு துண்டு தின்னுட்டுத்தான் வந்தா, அவ அம்மாகிட்ட கேட்டுட்டேன். சீமைப்பலா மரம் இவ்ளோ பெருசா சும்மா நிக்குதே, அதுக்கடியில நிக்க வெச்சா என்ன கொறஞ்சு போயிடும்?"

"நிழல்ல நின்னா போட்டோவுல மொகம் விழாது டீச்சர்."

போட்டோ! பிசிலா, நான் மரியாதையாக எழுத முயல்கிறேன், முடியவில்லை. அந்த மீன்காரர் வந்து பாட்டைக் கேட்டுவிட்டு, "பசங்க நல்லா கத்துறாங்க" என்றார். அது ஒன்றுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட உண்மை. கத்தத்தான் கத்துகிறார்கள். பாடக் கற்றுக்கொடுக்க எனக்கு நேரம் எங்கே விட்டார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் உப்பு வாங்கப் போன இடத்தில் ஒரு தங்கமான சேதி கிடைத்தது. கெலெமெத்தேவின் அப்பாவுக்கு ஒரே அக்கா, தொகிலுபே அம்மா. சிட்னியில், உன் தேவாலயத்திலேயே இருக்கிறாராம். அப்பாவோடு பிறந்தவள் ஒரு வார்த்தை சொன்னால் நம் ஊரில் எந்த ஆண்பிள்ளை எதிர்த்துப் பேசுவான்? அத்தை 'உட்கார்' என்றால் உட்கார வேண்டும், 'அந்தப் பன்றியைக் கொடு' என்றால் கொடுத்துவிட்டுக் கும்பிட வேண்டும். நீ அந்த அம்மாவிடம் போய், பிள்ளைகளை வெயிலில் நிறுத்த வேண்டாம், பாட்டு வகுப்பைப் பாட்டு வகுப்பாக விடச் சொல்லி ஒரு வார்த்தை தம்பி பிள்ளைக்குச் சொல்லச் சொல். அவ்வளவுதான் வேண்டும்.

உடனே பதில் எழுது.
கொதிக்கும் அக்கா,
லெசியேலி

---

வவாவு
மே 2, 1994

தங்கையே,

சுகம் விசாரிக்கிறேன், ஆனால் கோபமாக. என் கடிதம் தொலைந்ததா, நீ தொலைந்தாயா?

இங்கே எண்களை ரகசியமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பிரார்த்தனை மணிக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். பெண்கள் மேல் குரல், பையன்கள் கீழ்க் குரல். ஃபிஃபிதா நாலாம் வகுப்பு, ஆனாலும் வந்து நிற்கிறாள். அவளுக்குத் தவளைக் குரல். பையன்களின் கீழ்க் குரல் வரிசையை அவளைப்போல் எவனும் பிடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை முதல்முறையாக நாலு குரலும் ஒரே இடத்தில் சந்தித்தன. பிள்ளைகள் தாங்களே பயந்துபோய் நிறுத்திவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கெலெமெத்தே ஈரத்துணியோடு வந்து பலகையை அழித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வங்கி மேலாளர் வருகிறாராம்.

தொகிலுபே அம்மாவிடம் பேசினாயா இல்லையா? தேவாலயத்தில் கைகுலுக்கும்போது சொல்ல வேண்டிய சமாசாரம். இதற்கு ஏனடி இத்தனை யோசனை?

செமிசிக்கும் குழந்தைக்கும் அன்பு.
லெசியேலி

---

சிட்னி
மே 20, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். தாமதத்துக்கு மன்னி.

அந்த அம்மாவிடம் சொன்னேன். நீ எழுதியதையெல்லாம் சொன்னேன், ஃபிஃபிதா விழுந்ததையும். முழுக்கக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "நானே நேர்ல போய்ப் பாக்குறேன்" என்றார்கள். ஜூன் மாதம் விமானம் ஏறுகிறார்கள்.

இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. அவர்கள் வரும்போது கொஞ்சம் அடங்கிப் பேசு. என்னைப் பற்றி எதுவும் கேட்காதே.

ஹெய்லலா உன் படத்துக்கு முத்தம் கொடுத்தாள்.
பிசிலா

---

வவாவு
ஜூன் 17, 1994

பிசிலா,

வணக்கம், சுகம், எல்லாம் அப்புறம்.

உன் அக்கா ஒரு முட்டாள். அத்தை வந்தால் மருமகனை அடக்குவாள் என்று கணக்குப் போட்டேனே, அத்தை வந்தால் அவளுக்கும் ஒரு வரவேற்பு வைப்பார்களே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? சாதாரண வரவேற்பா? இரண்டு வாரம் பாட்டுப் பயிற்சி. கணக்கு வகுப்பும் போயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் விழா மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். ஜூன் நமக்குக் குளிர்காலம் என்று பெயர்தான், உச்சிவெயில் உச்சிவெயில்தானே. தொகிலுபே அம்மாவுக்கு மட்டும் பந்தல், அதற்குள் அவர் உட்கார மடித்துப் போட்ட நல்ல பாய்கள். கெலெமெத்தே அவருக்கு முன்னால் தரையில் குறுகி உட்கார்ந்திருந்தார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவ்வளவு சிறிதாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை.

பிள்ளைகள் பாடினார்கள். காலி இடத்தில் 'தொகிலுபே' அழகாக உட்கார்ந்தது, அந்தப் பெயருக்காகவே தைத்த சட்டை மாதிரி. அம்மா தேம்பித் தேம்பி அழுதார்.

"இன்னொரு வாட்டி பாடுங்கடா கண்ணுங்களா."

பாடினார்கள். இன்னொரு வாட்டி. அதற்கப்புறமும் ஒரு வாட்டி.

விருந்தில் நான், இறைச்சியைக் கீரை இலையில் சுற்றி வேக வைத்த லூ பொட்டலத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடங்கித்தான் பேசினேன், சத்தியமாக.

"அம்மா, பிசிலா சொல்லியிருப்பா. பிள்ளைங்க வெயில்ல..."

"சொன்னா, சொன்னா. என் காலைத் தேய்ச்சுவிட்டுக்கிட்டே சொன்னா. உன் தங்கச்சிக்கு நல்ல கை. பின்னாடி ரூம்ல இருக்கறதே தெரியாது, அவ்ளோ அமைதி. அந்தக் கொணம் உனக்கு வரலையே."

"பின்னாடி ரூமா?"

"ஒனக்குச் சொல்லலையா? புருஷன் ஓடினதுலேர்ந்து எங்கிட்டதான் இருக்கா. துணி தொவைக்கிறா, சமைக்கிறா, என்னைக் குளிப்பாட்டுறா." லூவைப் பிரித்து, இறைச்சியை மட்டும் பொறுக்கித் தின்றார். "நான் வேண்டாம்னா அவ பாவம், கொழந்தையக் கூட்டிக்கிட்டு எங்க போவா? அதையும் மனசுல வெச்சுக்கிட்டுப் பேசு, டீச்சரம்மா."

பிறகு மருமகனைப் பார்த்து: "இந்தப் பாட்டை விட்டுடாதப்பா. எண்ணுப் பாட்டெல்லாம் கோயில்ல கத்துக்கட்டும்." முடிந்தது. அத்தை சொல்லியாகிவிட்டது. இனி என் பலகைக்கு விடுதலை இல்லை.

நாலு மாதமாக நான் 'செமிசி சுகமா, செமிசி சுகமா' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரிடம் மறைத்தாய்? என்னிடமா? அந்தப் பயலுக்குக் கணவாய் காயப்போட்ட என் கையை உடைக்க வேண்டும்.

ஜூலை ஒன்பதாம் தேதி அம்மாவுக்கு வழியனுப்பு விழா. ஊரே வரும். ஆசிரியர்கள் சார்பில் நன்றி சொல்ல வேண்டியது நான். அங்கே வாயைத் திறந்து கேட்டுவிடலாம் என்று நாக்கு துடிக்கிறது. கேட்டால் உன் கதி? நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. விமானத்தில் வரும் யாரிடமாவது கொடுத்து அனுப்பு.

குழந்தைக்கு முத்தம். உனக்கு ஒரு குட்டு.
லெசியேலி

---

சிட்னி
ஜூன் 28, 1994

அக்கா,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகம்.

செமிசி ஜனவரியில் குவீன்ஸ்லாந்துக்குப் பழம் பறிக்கப் போனான். அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறான். ஹெய்லலாவிடம், அப்பா தூரத்தில் வேலை செய்கிறார், விடுமுறைக்கு வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று எழுதவில்லை.

என் அறையைப் பற்றிக் கவலைப்படாதே, பிள்ளைகளுக்காகப் பேசு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை எழுத மறுக்கிறது. ஹெய்லலாவின் பள்ளி இங்கிருந்து அடுத்த தெரு. அவளுக்கு இப்போதுதான் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். இப்போதைக்கு வேறு இடம் இல்லை.

நீயே முடிவு செய். எதுவானாலும் எனக்கு எழுது.
பிசிலா

---

வவாவு
ஜூலை 11, 1994

என் அருமைத் தங்கைக்கு,

ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி, உனக்கும் குழந்தைக்கும் ஆயிரம் முத்தம். உட்கார்ந்து படி. உன் அக்கா முட்டாள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து எனக்கு மூலமே வந்துவிடும் போலிருந்தது. சண்டை போட்டால் உன் அறை போகும். சும்மா இருந்தால் பிள்ளைகள் போவார்கள். விழா அன்று காலை, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது தோன்றியது. கேட்டால்தானே அந்த அம்மா இல்லை என்று சொல்ல முடியும்? கேட்கவே கேட்காமல், கொடுத்துவிட்டதாக நன்றி சொல்லிவிட்டால்?

எழுந்து நின்றேன். பிள்ளைகள் வழக்கம்போல வெயிலில். பாதிரியார், ஊர்த் தலைவர், படகுக்காரர்கள், எல்லோரும் பந்தலில். கண்ணில் தண்ணீர் வரவழைத்துக்கொண்டேன். அது சுலபம், கோபமே போதும்.

"தொகிலுபே அம்மா யாருக்கும் தெரியாம செஞ்ச நல்லதை நான் இன்னிக்கி சொல்லாம விட்டா பாவம். இந்தப் பிள்ளைங்க வெயில்ல நிக்கறதைப் பாத்து அவங்க மனசு தாங்கல. 'இனிமே எவன் வந்தாலும் பிள்ளைங்க மரத்தடியிலதான் நிக்கணும், பாட்டு கிளாஸ்ல எண்ணுப் பாட்டு சொல்லித் தரணும்'னு தம்பி மகனுக்கு உத்தரவு போட்டுட்டாங்க!"

"மாலோ! மாலோ!" என்று ஊரே நன்றி கூவியது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அம்மாவின் வாய் திறந்து, திறந்தபடியே நின்றது. கெலெமெத்தே அத்தையைப் பார்த்தார். அத்தை சபையைப் பார்த்தார். நான் மேலே பேசினேன்.

"அது மட்டுமா? புருஷன் கைவிட்ட என் தங்கச்சி பிசிலாவையும் அவ மகளையும் தன் வீட்டுல சொந்த மக மாதிரி வெச்சிருக்காங்க. 'உன் பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் இது உன் வீடு'ன்னு வாக்குக் கொடுத்திருக்காங்க. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

பாதிரியார் தாங்க முடியாமல் எழுந்து, இந்த அம்மாவின் வாக்கை ஆண்டவர் காக்கட்டும் என்று ஜெபமே செய்துவிட்டார். ஜெபம் செய்தபின் யார் மறுக்க முடியும்? அம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்து, "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா" என்றார். பல்லுக்கு நடுவில் அந்த வார்த்தைகள் நசுங்கி வெளியே வந்தன.

பிள்ளைகள் அப்போதே மரத்தடிக்குப் போனார்கள். நான் சொல்லவில்லை, கெலெமெத்தேவே ஓடிப்போய்த் தள்ளிக்கொண்டு போனார். இன்று காலை என் பலகையில் எண்கள். பகல் வெளிச்சத்தில், கதவு திறந்திருக்க, நாலு குரல். ஃபிஃபிதா அடியில் தவளையாக முழங்க, மேலே மற்றவர்கள் ஏறினார்கள். மீன் விற்கிறவன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

உன் அறையும் இனிப் பத்திரம். எப்படி என் மூளை? புகழ்ந்து எழுது, சுருக்கமாக வேண்டாம்.

வெற்றி பெற்ற அக்கா,
லெசியேலி

---

வவாவு
ஆகஸ்ட் 30, 1994

அன்புத் தங்கைக்கு,

சுகமா? ஹெய்லலா சுகமா?

பதில் இல்லை. தபால் மூன்று முறை வந்துவிட்டது. கெலெமெத்தே என்னோடு பேசுவதில்லை, ஆனால் பலகையைத் தொடுவதும் இல்லை. இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள், இருவருக்கும் நிழலில்தான் பாட்டு. ஐந்தாம் வகுப்பு இப்போது புதுப் பாட்டையும் பலகையைப் பார்த்தே பாடிவிடுகிறது.

செமிசியின் அம்மா என் வாசலில் வந்து நின்று, "எம் மகன் பேரை ஊர் நடுவுல நாறடிச்சுட்டியே" என்று கத்திவிட்டுப் போனாள். கடையில் எல்லோரும் உன்னைப் பற்றியே கேட்கிறார்கள். நான் 'நல்லாத்தான் இருக்கா' என்கிறேன். நன்றாக இருக்கிறாயா? ஒரு வரி எழுது.

லெசியேலி

---

சிட்னி
செப்டம்பர் 24, 1994

அக்காவுக்கு,

கடவுள் தயவில் நானும் ஹெய்லலாவும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீ விழாவில் சொன்னது உன் கடிதத்துக்கு முன்னாலேயே சிட்னிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்த அம்மா திரும்பிய ஞாயிற்றுக்கிழமை தேவாலயமே எழுந்து அவர்களைப் புகழ்ந்தது. எல்லோர் எதிரிலும் என்னைக் கட்டிக்கொண்டு 'மகளே' என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் துவைக்க வேண்டிய மூட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினார்கள். போகச் சொல்லவில்லை. அதில் நீ ஜெயித்துவிட்டாய். தினமும் யாராவது வந்து, அவர்கள் தயவில் வாழும் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அதையும் பொறுத்திருப்பேன். ஞாயிறு பள்ளியில் ஒரு பெண் ஹெய்லலாவிடம், "ஒங்கப்பா வேற வீட்டுக்கு ஓடிட்டாராம், ஊர்ல மைக்குல சொன்னாங்களாம்" என்று சொல்லியிருக்கிறாள். மைக் இருந்ததா அக்கா? என் மகள் அதை என்னிடமிருந்து கேட்டிருக்க வேண்டும். நான் சொல்ல வேண்டிய நாளை நான் வைத்திருந்தேன். அவள் அழவில்லை. "அப்ப விடுமுறைக்கு வரமாட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிரவு உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதே என்று சண்டை போட்டவள், என்னையும் இவளையும் எத்தனை பேர் பார்க்க நிறுத்தினாய். அதுவும் என்னைக் கேட்காமல்.

நீயே முடிவு செய் என்று எழுதியது நான்தான். அது தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. போகும்போது எழுதுகிறேன்.

பிள்ளைகள் நிழலில் பாடுகிறார்கள் என்பதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஹெய்லலாவுக்கு அந்த எண்களை நான் சுவரில் எழுதிக் காட்டுகிறேன். மூன்றில் ஏன் ஆரம்பிக்கிறது, ஒன்றும் இரண்டும் எங்கே போயின என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் அவளுக்குத் தனியாக எழுது. வேடிக்கையாகவே எழுது, அவளுக்கு அது பிடிக்கும்.

சுவர் என்றேனே, அது எங்கள் சுவர். போன வாரம் வீடு மாறிவிட்டோம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிற சமோவாக்காரியோடு பங்கு. நான் இரவு வேலையும் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, குழாய் ஒழுகுகிறது, பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். விலாசம் உறையின் பின்னால். இந்த வீட்டுக்காக நான் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. எனக்காக நீயும் சொல்ல வேண்டாம்.

பிசிலா